பெண்ணழைப்புக்கு ஏழாம் நம்பர்

எழுபதுகளில் ஆரணி நெசவுத் தெருவில் வாழ்க்கைப்பட்ட பெண்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆயிற்றா? பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறீர்கள்? ஒரு தை மாதம் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சேவூர் ஓரத்துக் காலனி இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினீர்களே, நினைவிருக்கிறதா? அந்த மண் எங்கள் வீட்டு வாசலில்தான் விழுந்தது. நான் பேண்டுக்காரர் மகள்.

சண்டைக்கு வரவில்லை. கோபமெல்லாம் எப்போதோ ஆறிப்போய்விட்டது. நானும் அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் முழங்கால் வலிக்கிறது. ஆனால் நடந்ததை முழுசாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது அரைகுறை வம்பு மட்டும்தான். அதனால் சொல்கிறேன்.

என் நைனா பட்டாளத்தில் பேண்டுக்காரராக இருந்தவர். சண்டை இல்லாத நாளில் ட்ரம்பெட் ஊத வேண்டும், சண்டை வந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். பட்டாளத்து வாத்தியக்காரர்களுக்கு அதுதான் வழக்கம் என்பார். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் எத்தனை பேரைத் தூக்கினார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பியவர், காலனியில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு பேண்டு செட் தொடங்கினார். வேலூரில் பழசாகக் கிடைத்த சிவப்புக் கோட்டுகளை வாங்கி வந்தார். பூட்ஸ் மட்டும் ஒன்பது ஜோடியும் புதுசு. அதில் பிடிவாதமாக இருந்தார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது. அதனால் நைனா பட்டாளத்துப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, வாயால் பாடிக் காட்டியே ஏற்றினார். ஒன்று கொடியேற்றத்துக்கு. இரண்டு விறைப்பாக நடப்பதற்கு. இப்படியே ஏழு வரை. ஊதிக்கொண்டே நடக்கப் பழக்கியது ஏரிக்குக் கீழே நெல் வயல் வரப்பில். ஒரு ஆள் அகல வரப்பில், ஒருவர் பின்னால் ஒருவராக, காலைப் பார்க்காமல் நடக்க வேண்டும். சேற்றில் விழுந்தவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. பெரிய டிரம்மைச் சுமந்தது என் சித்தப்பா. வயிற்றுக்கு முன்னால் அந்த டிரம் இருந்தால் கால் எங்கே தெரியும்? ஒரு கார்த்திகை மாதம் முழுக்க அவர் டீயே குடிக்கவில்லை.

உங்கள் தெருவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். நைனாவின் பேண்டு முதல் கல்யாணத்துக்கு வந்தபோது, கோட்டும் தொப்பியுமாக நிற்கிறவனிடம் பூட்ஸைக் கழற்று என்று சொல்ல உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய் வரவில்லை. ஒன்பது பேர் பதினெட்டு பூட்ஸோடு தெருவின் நடுவே நடந்தார்கள். அம்மா பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு பக்கத்தில் போவாள். நானும் அவளோடு போவேன். எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள், நான் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த முதல் கல்யாணத்தில்தான் ஏழாம் நம்பர் பெண்ணழைப்புக்கு வந்தது. பெண்ணை ஏற்றி வந்த கார் தெருமுனையிலேயே நின்றுபோய்விட்டது. தள்ளிப் பார்த்தும் நகரவில்லை. பெண் இறங்கி நடந்தாள். கனத்த பட்டும் நகையும் வெட்கமுமாக எவ்வளவு வேகம் நடக்க முடியும்? வாசித்துக்கொண்டிருந்த பாட்டு அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடியது. நைனா கையைத் தூக்கி ஒரு முழுக்கையும் இன்னும் இரண்டு விரலும் காட்டினார். ஏழு தொடங்கியது. மெதுவான பாட்டு. பெரிய டிரம்மில் ஒரு அடி விழுந்து, அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி விழும். பெண்ணின் ஒவ்வொரு காலும் அந்த அடியில் வந்து உட்கார்ந்தது. தெருவே வாயடைத்துப் பார்த்தது. அதற்கப்புறம் கார் நன்றாக ஓடினாலும் பெண்ணைத் தெருமுனையில் இறக்கி நடத்திக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. பேண்டு பேச வருகிறவர்கள், “ஏழாம் நம்பர் உண்டு இல்ல?” என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வெற்றிலை பாக்கை நீட்டுவார்கள். ஆறேழு வருஷம் இப்படியே போயிற்று.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போன வருஷம். பொங்கலுக்கு முந்தின நாள் நைனாவும் நானும் ட்ரம்பெட்டைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கை முழுக்கப் புளிப்பு வாசனை. நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

“நைனா, ஏழாம் நம்பருக்கு வரி இன்னா?”

“அதுக்கு வரி இல்ல.”

“ஏன் இல்ல?”

“அது செத்தவங்களுக்கு வாசிக்கறது. வரி இருந்தா மட்டும் அவன் கேக்கவா போறான்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பட்டாளத்துல ஒர்த்தன் பூட்டான்னா, அவன் சிப்பாயோ சமையக்காரனோ, இத்த வாசிச்சிகினுதான் தூக்கிகினு போவோம். பெரிய பெரிய ஆபீசருங்கோ அட்டென்ஷன்ல நிப்பாங்க. நம்ம ஜனத்துல பொறந்த ஒர்த்தனுக்கும் அப்டி நின்னாங்க. நான் கண்ணால பாத்தேன். அத்தவிட பெரிய மரியாத நான் எங்கியும் பாக்கல. அது செத்தப்புறம்தான் கெடைக்கணுமா? உசுரோட கீற ஒரு பொண்ணுக்கு ஒரு நாளு கெடைச்சா இன்னா கொறஞ்சிபூடும்?”

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, “வெளிய சொல்லிடாத” என்றார்.

பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்ததில் தலைகால் புரியவில்லை. இப்போது என்னைக் கேட்டால், நைனா செய்தது தப்பு என்றுதான் சொல்வேன். அவர் கொடுத்தது பெரிய மரியாதையாகவே இருக்கட்டும். வாங்கிக்கொள்கிறவளிடம் அது இன்னது என்று சொல்லியிருக்க வேண்டாமா? அவர் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்து பத்து நாளில் உங்கள் தெரு நாட்டாண்மைக்காரர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேசூர்க்காரர். அவருடைய பெரியப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது சாய்கிற நேரம், பெண் காரைவிட்டு இறங்கினாள், ஏழு தொடங்கியது. பெண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு வந்துகொண்டிருந்த சுபேதார் சட்டென்று நின்றார். குதிகால் இரண்டும் ஒட்டின. கைகள் உடம்போடு சேர்ந்தன. தலை தாழ்ந்தது. அவர் அதை யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. பின்னால் தட்டு வரிசை எடுத்து வந்த பெண்கள் அவர்மேல் மோதினார்கள். ஒரு தேங்காய் உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. அதற்கப்புறம்தான் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே உறைத்தது.

“நிறுத்துய்யா!” என்று கத்தினார். “இன்னா வாசிக்கிறேன்னு தெரிஞ்சுதான் வாசிக்கிறியா? இது பொணம் தூக்கும்போது வாசிக்கிறது!”

ட்ரம்பெட் நின்றது, கிளாரினெட் நின்றது. எதையும் தாமதமாகவே புரிந்துகொள்கிற சித்தப்பா மட்டும் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டார். அந்த இரண்டு அடிக்கும் மணப்பெண் உடம்பு நடுங்கியதை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

அந்தச் சுபேதாரை நான் வெகுகாலம் வெறுத்தேன். அவரும் யாரையோ தோளில் சுமந்துகொண்டு அந்தப் பாட்டுக்குப் பின்னால் நடந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது.

மறுநாள் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிய இடத்திலெல்லாம் இதே பேச்சு. எவள் எவளைப் பார்த்தாலும், “உனக்கும் ஏழாம் நம்பரா?” என்றே கேட்டாள். ஒருத்திக்குக் குறைப்பிரசவம், இன்னொருத்தி வீட்டில் பட்டு சாயம் பிடிக்கவில்லை, மற்றொருத்தியின் மாமியாருக்கு வாதம். மாமியாருக்கு வாதம் வந்ததில் அந்த மருமகளுக்கு வருத்தம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் ஏழாம் நம்பர் தலையில் விழுந்தது. பேண்டு இனி என்ன ஆகும் என்று காலனியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நாட்டாண்மைக்காரர் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் கூட்டம். பேண்டுக்காரன் வந்து, தெரியாமல் வாசித்துவிட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும். வாத்தியங்களுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுப் பழையபடி வரட்டும், அந்தப் பாட்டு மட்டும் கூடாது. நியாயமாகப் பார்த்தால் அவர் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார். அன்றே எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள்.

“தெரியாதுன்னு சொல்டுண்ணா,” என்றார் சித்தப்பா. “ஒரு வார்த்த. அதுக்கு மேல வாயத் தொறக்காத. மறுபடியும் கையில செருப்ப எடுத்துகினு அந்தத் தெருவுல போவ என்னால ஆவாது.”

“சொல்டறேன்,” என்றார் நைனா. சொல்வதாகத்தான் இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். உங்கள் தெருவிலிருந்து காலனிக்குள் ஒரு பெண் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது ஜன்னல் ஓரத் தறியில் அவளைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் நம்பருக்கு நடந்து வந்தவள்தான். பத்தே மாதத்தில், போன பங்குனியில், புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதற்கப்புறம் அவளை ஜன்னலில் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் வரச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். அவள் வெயிலிலேயே நின்றாள்.

“எனக்கும் நீங்கதான் வாசிச்சீங்க.”

“ஆமாம்மா.”

“அது சாவுப் பாட்டுன்றாங்களே, நெஜமா?”

நைனா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நெஜம்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் வந்த ராசிதான் அவர முழுங்கிச்சின்னு ஒரு வருஷமா சொல்லிகினு கீறாங்க. மாமியாரு என் மூஞ்சில முழிக்கறதில்ல. நான் தொட்டா இழை அறுந்துபூடும்னு தறிகிட்டயே வுட மாட்றாங்க. கொல்லப்புறத்துலயே கெடக்கறேன். உங்க பாட்டாலதான் ஆச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா என் மேல கீறது போயிடும்.”

“பாட்டால யாரும் சாவ மாட்டாங்கம்மா. அவருக்கு மஞ்சக்காமால.”

“எனக்குத் தெரியாதா? கீழாநெல்லி அரைச்சி அரைச்சிக் குடுத்தது நானு. அது அவங்களுக்குத் தெரியணுமே.”

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போய்விட்டாள். நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நைனா முழு உடுப்பில் போனார். எட்டுப் பேரும் பின்னால் போனார்கள். கோயில் வாசலில் பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். பெண்கள் கூட்டத்தில் அந்த அக்கா இல்லை, அவளுடைய மாமியார் இருந்தார்.

“தெரிஞ்சு வாசிச்சியா, தெரியாம வாசிச்சியா?” என்று நாட்டாண்மைக்காரர் கேட்டார்.

சித்தப்பாவின் உதடு ‘தெரியாம, தெரியாம’ என்று அசைந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஓடியது. எனக்கு மட்டும் உண்மை தெரியும், நான் சாகிறவரை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரிஞ்சுதாங்க வாசிச்சேன்,” என்றார் நைனா.

கூட்டம் இரைந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. பட்டாளத்தில் பேசுவது போல் நேராகப் பார்த்துச் சொன்னார்.

“பெரிய மரியாதன்னு நெனச்சித்தான் வாசிச்சேன். அது உங்களுக்குக் கெடுதல்னா அந்தப் பழி என் மேல. போன பங்குனில இந்தத் தெருவுல ஒரு சின்னப் புள்ள போச்சே, அதுக்கும் காரணம் கேட்டா நீங்க என்னத்தான் கேக்கணும். அந்தப் பொண்ணு ராசியப் பத்தி இனிமே யாரும் பேசாதீங்க.”

இனி எந்த நல்ல காரியத்துக்கும் இந்த பேண்டு தெருவுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவன், “பூட்ஸக் கழட்டிட்டுப் போங்கடா” என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. நைனா அங்கேயே தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். ஒரு முடிச்சு இறுகிப் போயிருந்தது, நிதானமாக நகத்தால் நெம்பி எடுத்தார். எட்டுப் பேரும் கழற்றினார்கள். வெறுங்காலோடு சிவப்புக் கோட்டில் ஒன்பது பேர் திரும்பி நடந்தார்கள். அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை இன்னும் மறக்கவில்லை. அதை நான் உங்கள் மேல் வைக்கவில்லை, நைனா மேல்தான் வைத்தேன். வாய்க்குள்ளேயே இருந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாமே!

சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். பெரிய டிரம்மை அவர் வீட்டில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மிளகாய் காயவைத்தார்கள். தை போயிற்று, மாசி போயிற்று. முகூர்த்த நாளில் வெளியூர் பேண்டு உங்கள் தெருவில் சினிமா பாட்டு வாசிப்பது காற்றில் எங்கள் வீடுவரை கேட்கும். நைனா மட்டும் தினமும் சாயங்காலம் வரப்புக்குப் போய் ஒன்றிலிருந்து ஏழு வரை தனியாக ஊதிவிட்டு வருவார். பிறகு கிளாரினெட்காரர் போக ஆரம்பித்தார். அப்புறம் இன்னும் மூன்று பேர். நான் நைனாவோடு பேசாமல் இருந்து, ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

“ஏன் நைனா அப்டிச் சொன்ன?”

“அந்தப் பொண்ணால அத்தத் தூக்க முடியல. என்னால முடியும்,” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தியக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் அந்த அக்காவின் மாமியாரே காலனிக்கு வந்தார். பொல்லாத மனுஷி என்று தெருவில் பெயர். நைனா எழுந்து நின்றார். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

“என் புள்ள உசுரோட கீறப்பவே நீ அவனுக்கு அத்த வாசிச்சிட்ட. இப்போ அவனுக்கு வருசத் திதி வருது. வாசிக்க வேண்டிய நேரத்துல வாசிச்சி அத்த முடிச்சி வையி. பாதியில நின்னா என் புள்ள எங்க போய்ச் சேருவான்?”

“தெருவுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிகிறாங்களேம்மா.”

“நல்ல காரியத்துக்கு வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. இது நல்ல காரியமா? நான் பேசிக்கிறேன் அவங்ககிட்ட.” திரும்பிப் போனவர் நின்று, “பட்டாளத்துல எப்டியோ அப்டியே வரணும். தொப்பி, கோட்டு, பூட்ஸு எல்லாம்” என்றார்.

திதி அன்று விடிந்ததும் சித்தப்பா டிரம்மை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே இருந்தார். ஒன்பது பேரும் பூட்ஸோடு போனார்கள். அம்மாவும் நானும் பின்னால் போனோம்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கே இருந்தீர்கள். அந்த வீட்டு வாசலில் ஏழு தொடங்கியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். தூற்ற மண்ணோடு வருகிறீர்களோ என்று நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். செத்தவனை நினைத்து அழுதீர்களா, நீங்கள் நடந்து வந்த நாளை நினைத்து அழுதீர்களா, எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரிந்திருக்காது. அந்த வருஷத்திலிருந்து உங்கள் தெருவில் யார் போனாலும் ஏழாம் நம்பர் இல்லாமல் தூக்குவதில்லை. சித்தப்பா பேரன் இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறான், பூட்ஸ் போட்டுக்கொண்டு. “சாவு பேண்டு” என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று வாசலிலிருந்து ஆற்றங்கரைக்குப் புறப்பட்டோம். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும் என்பது உங்கள் தெரு வழக்கம். அந்த அக்கா அங்கே நின்றுவிட்டாள். மாமியார் வழக்கத்தைப் பார்க்காமல் நான்கு அடி தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக விழிக்காத முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தார்.

“நீ இல்லாம இன்னா திதி? வா,” என்றார்.

ஆற்றங்கரை மணலில் எள்ளும் தண்ணீரும் விட்டு முடிகிறவரை வாசித்தார்கள். கமண்டல நாகநதியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கடைசி அடி விழுந்ததும் நைனா சொல்ல, ஒன்பது பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த அக்கா ஈரக் காலோடு நைனாவிடம் வந்தாள். உங்கள் தெருவில் அவரை எல்லாரும் ‘ஏம்பா’, ‘பேண்டுக்காரா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அண்ணா,” என்றாள். “என் பெண்ணழைப்புக்கும் இவ்ளோ நல்லாத்தான் வாசிச்சீங்க.”

நைனா ட்ரம்பெட்டைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே தங்கிய எச்சில் தண்ணீரை மணலில் வடித்தார். அது முழுக்க வடிந்த பிறகும் குனிந்தபடியே நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.